போயலன்ஸின் முகவாய்

"உங்களுக்கு வரையத் தெரியுமா, ஃபெம்கே?" வேலைக்குச் சேர்ந்த அன்று டாக்டர் ஹிடெமா என்னிடம் கேட்டார்.

நான் டியூலிப் பூ வரைந்தால் வெங்காயம் போல வரும். தெரியாது என்றேன்.

"நல்லதாப் போச்சு. வரையத் தெரிஞ்சவங்க சொந்தக் கற்பனையச் சேர்த்துடுவாங்க."

விசாரிக்க வந்திருக்கும் நீங்கள் இதை எழுதிக்கொள்ளலாம்: நான் செய்ததில் கற்பனை எதுவும் இல்லை.

முகம் நொறுங்கி வருபவரின் ஸ்கேனைக் கணினியில் திறந்து, எலும்பு எங்கே நிற்க வேண்டும் என்று குறித்துக் கொடுப்பது என் வேலை. அறுவை அரங்கில் டாக்டர் ஒரு கம்பியால் எலும்பைத் தொட்டால், அந்த இடம் திரையில் தெரியும். நான் போட்ட கோட்டோடு பொருந்தும்வரை எலும்பை நகர்த்துவார். ஒரு பக்கம் உடைந்திருந்தால், நல்ல பக்கத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோலப் புரட்டி அளவெடுப்பேன். முகவாய் நடுவில் இருப்பது. அதற்கு மறுபக்கம் கிடையாது.

பண்ணைக்காரர் ஹார்மென் போயலன்ஸின் முகவாயைப் பசு உதைத்துத் தூளாக்கிவிட்டது. அவருடைய காலெலும்பில் ஒரு துண்டை வெட்டி, முகவாயைப் புதிதாகச் செய்ய வேண்டும். என் கணினியில் ஒரு நல்ல முகவாய் சும்மா கிடந்தது. பனியில் சறுக்கி விழுந்த என் கணவர் வீபேக்கு முன்பு எடுத்த ஸ்கேன். வீபே என்னை விட்டுப் போய் ஆறு வருடம் ஆகிறது. ஒருநாள் காபியைக் குடித்து முடித்தார், கோட்டை மாட்டினார், பேசாமல் போனார். காபிக்கு ஒரே ஒரு பிஸ்கட் என்பது எங்கள் ஊர் வழக்கம்; அதன்படி ஒன்றைக் கொடுத்துவிட்டு டப்பாவை மூடியிருந்தேன். இரண்டாகக் கொடுத்திருந்தால் இருந்திருப்பாரோ என்று இன்றும் யோசிக்கிறேன். என் அறிவு அவ்வளவுதான்.

வேறு வழியில்லாமல் செய்தேன் என்று நினைக்காதீர்கள். போயலன்ஸின் மனைவி ஆல்யே மூன்று கல்யாணப் படங்களைக் கொண்டுவந்து கொடுத்தார்.

"இந்தக் கோணல் முகவாயப் பாத்துத்தாம்மா கட்டிக்கிட்டேன். அழகாக்கிடாதீங்க. அப்புறம் மாடுகூடக் கிட்ட சேர்க்காது."

அந்தப் படங்கள் என் மேசை இழுப்பறையில் பத்திரமாக இருக்கின்றன. வீபேயின் முகவாயைத்தான் கோடாக்கிக் கொடுத்தேன்.

"அரை மில்லிமீட்டர்கூடப் பிசகல," என்று டாக்டர் என் தோளைத் தட்டினார்.

போயலன்ஸ் இப்போது கண்ணாடி பார்ப்பதில்லையாம். பேத்தி மடியில் ஏறுவதில்லையாம். ஆல்யே வேறு அறையில் படுக்கிறாராம். எனக்கு வருத்தம்தான், அந்த முகவாயின் அருமை அவர்களுக்குத் தெரியவில்லை.

மூன்றாம் மாதப் பரிசோதனைக்கு வந்த போயலன்ஸை என் அறையில் உட்கார வைத்தேன். என் மேசையிலிருந்த வீபேயின் படத்தை எடுத்தார். தன் முகவாயைத் தடவிக்கொண்டே வெகுநேரம் அதைப் பார்த்தார்.

நான் காபி ஊற்றினேன். இந்த முறை இரண்டு பிஸ்கட் வைத்தேன்.

அவர் கோட்டை மாட்டிக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டார்.