ஆளுக்குப் பாதி பாஸ்வேர்ட்

– நேத்தே தலையில அடிச்சுக்கிட்டேன். அப்டேட் கிப்டேட் எதுவும் இப்ப வேண்டாம், நாளைக்கு எனக்குக் கம்ப்யூட்டர் வேணும்னு. கேட்டீங்களா?

– நான் எங்க பண்ணேன்மா? 'இப்பவா, அப்புறமா'ன்னு அதுவா கேட்டுச்சு. நான் 'அப்புறம்'னுதான்...

– 'இப்ப'வை அமுக்கிட்டீங்க.

– ...விரல் வழுக்கிடுச்சு.

– ஊர்ல இருக்கிற பூட்டையெல்லாம் ஒரு கம்பியை விட்டு ஆட்டித் திறக்கிற விரல். அது வழுக்கிடுச்சாம்!

– சரி, விடு. விரல்னதும் ஞாபகம் வருது. உன் விரலை இன்னொரு தரம் வெச்சுப் பாரேன்.

– எல்லா விரலையும் வெச்சாச்சு. துடைச்சு வெச்சாச்சு, ஊதி வெச்சாச்சு. கால் விரல் மட்டும்தான் பாக்கி.

– படகுல கயிறு இழுத்து இழுத்து உனக்கு ரேகையே தேஞ்சு போயிருக்கும்.

– நேத்துக் காலையில இதே ரேகைக்குத்தான் திறந்துச்சு. ரேகையெல்லாம் தேயல. உங்க அப்டேட் வந்ததுக்கு அப்புறம் இது என்னை யாரோ எவரோன்னு பாக்குது.

– ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாக்கலாமா?

– பண்ணியாச்சு. திரும்பத் திரும்பப் பண்ணியாச்சு. இதோ, அதே கட்டம், அதே வசனம். "சிஸ்டம் மாறியிருக்கிறது. பாதுகாப்புக்காக உங்கள் முதன்மைப் பாஸ்வேர்டை ஒருமுறை உள்ளிடவும்."

– முதன்மைப் பாஸ்வேர்ட்னா...

– அதேதான். எல்லாப் பாஸ்வேர்டையும் இந்த ஆப்புக்குள்ள போட்டுப் பூட்டி வெச்சிருக்கோமே, அந்தப் பூட்டோட சாவி.

– அட... அது!

– ம். அது.

– அதைக் கடைசியா எப்ப அடிச்சோம்?

– ஆப்பை வெச்ச அன்னைக்கு. அன்னைக்கே நீங்க கைரேகை, கைரேகைன்னு அடம் பிடிச்சு மாட்டி விட்டுட்டீங்க. அப்புறம் எங்க அடிச்சோம்?

– விரலை வெச்சுத் திறந்தா ஸ்டைலா இருக்குமேன்னு...

– ஸ்டைலு! மணி பாத்தீங்களா? பன்னிரண்டுக்குள்ள நான் படகு ஆபீஸ் இணையதளத்துக்குள்ள போய் 'ஏற்றுக்கொள்கிறேன்'னு அமுக்கணும். அமுக்கலேன்னா கேப்டன் வேலை எனக்கு அடுத்த ஆளுக்குப் போயிடும். அடுத்த ஆளு யாருன்னு தெரியும்ல?

– அந்த மீசைக்காரன்தானே. உன்னை 'டிக்கெட்டம்மா'ன்னு கூப்பிடுவானே.

– இன்னைக்கும் அப்படித்தான் கூப்பிடறான். டிக்கெட் கிழிச்சு, கயிறு வீசி, இன்ஜின் ரூம்ல எண்ணெய் துடைச்சு, பரீட்சை எழுதி... இந்த ஆத்துல ஒரு பொம்பளை சுக்கானைப் பிடிக்கப் போறான்னு ஆர்டரே வந்தாச்சு. கடைசியில ஒரு கட்டத்துக்கு முன்னாடி வந்து நிக்குது என் பொழைப்பு.

– பதறாதே. ஆபீஸ் தளத்துலயே 'பாஸ்வேர்ட் மறந்துட்டேன்'னு ஒண்ணு இருக்குமே?

– இருக்கு. அமுக்கினா மெயிலுக்கு அனுப்பும். மெயிலோட பாஸ்வேர்ட் எங்க இருக்கு?

– ...உள்ள.

– போன்ல மெயில் திறந்தே கிடந்துச்சு. அந்தப் போன் எங்க?

– ஆத்துல விழுந்துடுச்சு. சரி, புதுப் போன்ல இதே ஆப்பைப் போட்டா?

– போட்டேன். அதுவும் இதே சாவியைத்தான் கேக்குது.

– இந்த ஆப்பைத் தூக்கிட்டு மறுபடி புதுசா...

– கையை எடுங்க! எல்லாத்தையும் தூக்கிக் கடாசிட்டு அப்புறம் எதைத் திறக்கறது? ஆமா... அன்னைக்கு 'அவசரச் சாவி'ன்னு ஒரு தாள் கொடுத்துச்சே, பத்திரமா வெச்சுக்கச் சொல்லி. அது எங்க?

– அதுவா...

– எங்கங்க?

– கிழிச்சுப் போட்டுட்டேன்.

– கிழிச்சா?

– ஒரு பூட்டுக்கு உதிரிச் சாவி வெளியில கிடந்தா அது பூட்டாம்மா? நான் பூட்டுத் தொழில் பண்றவன்.

– கடவுளே! உங்க தொழில்ல இடி விழ.

– உன் தங்கச்சி பையனைக் கூப்பிடலாம். கம்ப்யூட்டர்தானே அவனுக்கு வேலை.

– கூப்பிடுங்க. "பெரியப்பா, உங்களுக்கே பூட்டா"ன்னு ஒரு சிரிப்பு சிரிப்பான். ஒவ்வொரு கல்யாணத்துலயும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான்.

– வேண்டாம், வேண்டாம். ஆபீஸுக்கே ஒரு போன் அடிச்சு விஷயத்தைச் சொல்லிடேன்.

– என்னன்னு? "ஐயா, ஒரு படகு ஜனத்தை ஏத்திக்கிட்டு வெள்ளத்துல ஆத்தைத் தாண்டுவேன், ஆனா வீட்டுக் கம்ப்யூட்டரைத் திறக்க வரல"ன்னா? போன் எடுக்கிற மேஜைக்குப் பக்கத்துலதான் மீசைக்காரன் டீ குடிச்சுக்கிட்டு இருப்பான். அதுக்கு நான் நீந்தியே அக்கரைக்குப் போயிடுவேன்.

– நியாயந்தான். என் மானமும் கூடப் போகும். பூட்டுக்காரன் வீட்டுப் பூட்டையே திறக்க ஆள் இல்லேன்னா எவன் என்னைக் கூப்பிடுவான்?

– அதான் சொல்றேன், உக்காருங்க. உங்க பாதியை அடிங்க.

– நீ அந்தப் பக்கம் திரும்பு.

– இப்பவுமா?

– இப்பவும்தான். பேங்க் லாக்கர் மாதிரின்னு பேசி வெச்சோமா இல்லையா? ஒரு சாவி மேனேஜர்கிட்ட, ஒரு சாவி வாடிக்கைக்காரர்கிட்ட. ரெண்டும் சேர்ந்தாத்தான் திறக்கும். முன்பாதி என்னது, பின்பாதி உன்னது. ஒருத்தர் பாதி இன்னொருத்தருக்குத் தெரியக் கூடாது.

– புருஷன் பொண்டாட்டிக்கு நடுவுல லாக்கர் வெச்ச ஒரே ஆம்பளை நீங்கதான். முதல்ல ஞாபகம் இருக்கா?

– என் பாதி எனக்கு மறக்குமா! திரும்பு... ம்... ம்ம்... ஆச்சு. நீ வா. நான் ஜன்னலைப் பாத்துக்கிட்டு நிக்கிறேன்... என்ன, சத்தத்தையே காணோம்? மறந்துட்டியா?

– மறக்கல. அடிக்கிறேன்... இந்தாங்க... அமுக்கிட்டேன்.

– திறந்துச்சா?

– "பாஸ்வேர்ட் தவறு."

– உன் பாதியில ஏதோ எழுத்து விட்டுப் போயிருக்கு.

– என் பாதியில வெறும் எழுத்துதான். எல்லாம் சின்ன எழுத்து. நீங்கதான் உங்க பாதிக்குக் கடைசியில குறியெல்லாம் போட்டேன்னு அன்னைக்குப் பெருமை அடிச்சீங்க.

– குறி இல்லாம ஒத்துக்க மாட்டேன்னு அதுதானே சொல்லுச்சு! திரும்பு... ஒவ்வொண்ணா, நிதானமா... ஆச்சு. இப்ப நீ.

– தள்ளுங்க... ம்... "பாஸ்வேர்ட் தவறு."

– இன்னொரு தரம். பெரிய எழுத்து விழுந்திருக்கும். அந்தப் பொத்தானைப் பாரு.

– பாத்துட்டேன், விளக்கு எரியல. அடிங்க... முடிஞ்சுதா? நான் அடிக்கிறேன்... ஐயோ!

– என்ன?

– "பலமுறை தவறாக உள்ளிட்டதால் சிறிது நேரம் கழித்து முயலவும்." வட்டமா ஒண்ணு சுத்துது. எவ்வளவு நேரம்னு சொல்ல மாட்டேங்குது.

– நல்ல பூட்டு.

– அதுக்கு நீங்க சர்டிபிகேட் வேற!

– தொழில்னு பாத்தா நல்ல பூட்டுதாம்மா. தப்புச் சாவி விட்டதும் முறைச்சுக்கிட்டு நிக்குது பாரு.

– ஏங்க... ஒண்ணு கேக்கவா? கோவப்படக் கூடாது.

– கேளு.

– வேணும்னே தப்பா அடிக்கிறீங்களா?

– என்னது?

– இல்ல... கேப்டன் ஆயிட்டா வாரத்துல பாதி நாள் அக்கரையிலதான் தங்கணும். நீங்க இங்க தனியா... அதனால ஒருவேளை...

– நிறுத்து. என்ன பேச்சு பேசற நீ?

– பயத்துல கேட்டுட்டேன்.

– நேத்து பேக்கரிக்காரர் ஷட்டர் மாட்டிக்கிச்சுன்னு கூப்பிட்டார். போனேன். வெளியில ஜனம் ரொட்டிக்கு நிக்குது. நான் ஷட்டர்ல கையே வெக்கல. உனக்கு ஆர்டர் வந்த கதையை முதல்லேர்ந்து சொன்னேன். மூடுபனியில பழைய கேப்டன் மயங்கி விழுந்தப்ப நீ சுக்கானைப் பிடிச்சு, சங்கு ஊதிக்கிட்டே படகைத் துறையில கொண்டாந்து நிறுத்தினியே, அது வரைக்கும் சொல்லி முடிச்சுட்டுத்தான் பெட்டியைத் திறந்தேன். அத்தனை பேரும் கை தட்டினாங்க. என்னைப் பாத்து வேணும்னேவான்னு கேக்கற!

– கை தட்டினாங்களா?

– ரொட்டி கிடைக்கப் போகுதுன்னு தட்டினாங்களோ என்னமோ. தட்டினாங்க.

– பேக்கரிக்காரர் ஒண்ணும் சொல்லலையா?

– "அம்மாவுக்கு வாழ்த்துச் சொல்லுங்க, இப்ப ஷட்டரைத் திறங்க"ன்னார்.

– ...சிரிக்க வெச்சே அழ வெக்கறீங்க. பாருங்க, வட்டம் நின்னுடுச்சு. கட்டம் வந்துடுச்சு.

– வா, அடிச்சுடலாம். திரும்பு.

– இருங்க. கட்டத்தோட ஓரத்துல ஒரு கண் படம் இருக்கு பாருங்க. அதை அமுக்கினா புள்ளி புள்ளியா இல்லாம எழுத்தாவே தெரியும். தப்பு எங்கன்னு கண்ணால பாத்துடலாம்.

– அதெல்லாம் வேண்டாம்.

– ஏன்?

– வேண்டாம்னா வேண்டாம். பூட்டுக்காரன் சாவியை நடுவீதியில நீட்ட மாட்டான்.

– இது நடுவீதியா? நம்ம சமையலறை மேஜை. நான் உங்க பொண்டாட்டி.

– அதனாலதான் வேண்டாங்கறேன்.

– அப்படி என்னதாங்க எழுதி வெச்சிருக்கீங்க? பழைய காதலி பேரா?

– சே, சே!

– எங்கம்மாவைத் திட்டியிருக்கீங்களா?

– உங்கம்மாவைத் திட்ட அவ்வளவு சின்னக் கட்டம் போதுமா?

– வாய்! கடிகார முள்ளு ரெண்டும் ஒட்டிக்கப் போகுது, பேசறதைப் பாரு. இன்னொரு தரம் தப்பா அடிச்சா இது மறுபடி சுத்த ஆரம்பிக்கும். சுத்தி முடிக்கறதுக்குள்ள மீசைக்காரன் சுக்கானுக்குத் துணி போட்டுத் துடைச்சுக்கிட்டு இருப்பான். உங்களுக்குச் சம்மதமா?

– ...நீ சிரிக்கக் கூடாது.

– சிரிக்க மாட்டேன்.

– என் மூஞ்சியைப் பாக்கக் கூடாது.

– பாக்க மாட்டேன். அடிங்க.

– அடிச்சுட்டேன். அந்தக் கண்ணை நீயே அமுக்கிக்க. நான் ஜன்னல்கிட்டப் போறேன்.

– இங்கிலீஷ் எழுத்துல தமிழா... கே... கேப்டன்... கேப்டன் வீட்டுக்காரன். ஏங்க.

– ம்.

– 'கேப்டன் வீட்டுக்காரன்'னு போட்டிருக்கீங்க.

– படிச்சுட்டேல்ல. விடு.

– நான் பரீட்சையில தோத்துட்டு வந்து சாப்பிடாம உக்காந்திருந்தேன். என் அழுகையை நிறுத்த வழி தெரியாம, 'வா, ஆப் வெக்கலாம்'னு கம்ப்யூட்டரைத் தூக்கிட்டு வந்தீங்க. அன்னைக்கா இதை எழுதினீங்க?

– அதுக்கென்ன? பரீட்சை வெச்சவங்களுக்குத் தெரியலேன்னா எனக்குமா தெரியாது? என் பாதியை அது கேட்டுச்சு. நான் யாருன்னு எழுதினேன்.

– 'பூட்டுக்காரன்'னு போட்டிருப்பீங்கன்னு இத்தனை நாளா நெனச்சுக்கிட்டு இருந்தேன்.

– பூட்டுக்காரன் ஊருக்கு ஊர் இருக்கான். அழறியா? அப்புறம் அழலாம், தாயே! தப்பு எங்கன்னு பாரு.

– பாக்கறேன்... எழுத்தெல்லாம் சரியா இருக்கு. கடைசியில இது என்ன, மேல ரெண்டு கோடு தொங்குது?

– எங்க? அது அட் குறியாச்சே! ஏ எழுத்தைச் சுத்தி வட்டம். அதைத்தானே அடிச்சேன்!

– அடிச்சது சரி. விழுந்தது வேற. மேற்கோள் குறி விழுந்திருக்கு. ஏங்க, உங்க அப்டேட் கீபோர்டை வேற நாட்டுக் கீபோர்டா மாத்தி வெச்சிருக்கு! அதுல இந்த ரெண்டு குறியும் இடம் மாறி இருக்கும். டிக்கெட் கவுன்ட்டர்ல இருந்தப்ப ஒருதரம் இதே மாதிரி ஆச்சு.

– அப்ப என் விரல் மேல தப்பில்ல.

– இன்னைக்கு இல்ல. நேத்து இருந்துச்சு. செட்டிங்ஸைத் திறங்க... மொழி... அதுக்குக் கீழ கீபோர்டு... பழசைத் தொடுங்க.

– தொட்டுட்டேன். குறியை அழிச்சுட்டு மறுபடி அடிக்கிறேன்... வந்துடுச்சு! வட்டம் போட்ட ஏ!

– நகருங்க. இப்ப என் பாதி. அந்தக் கண் படத்தை மூடிட்டேன், புள்ளியாத்தான் தெரியும். திரும்பி நில்லுங்க.

– என்னோடதைப் பாத்துட்டே, உன்னோடது மட்டும் லாக்கரா?

– திரும்புங்கன்னா!

– திரும்பிட்டேன், திரும்பிட்டேன்... என்னம்மா, ஏன் நிறுத்திட்டே?

– ஒண்ணுமில்ல. கை வரல.

– நான் வேணா...

– நீங்க வேணா என்ன?

– இல்ல... தண்ணி கொண்டாரவான்னு கேட்டேன்.

– வேண்டாம். அடிச்சுட்டேன்... திறந்துடுச்சு! ஏங்க, திறந்துடுச்சு!

– போ, போ, ஆபீஸ் தளத்துக்குப் போ!

– போயிட்டேன். பாஸ்வேர்டை அதுவே எடுத்துப் போட்டுக்கிச்சு. இதோ... 'ஏற்றுக்கொள்கிறேன்'...

– அமுக்கு!

– அமுக்கிட்டேன்.

– என்ன சொல்லுது?

– நீங்களே படிங்க. எனக்குக் கண்ணு தெரியல.

– "தங்கள் ஒப்புதல் பெறப்பட்டது. வாழ்த்துகள், கேப்டன்." கேப்டன்! போட்டுட்டாங்க பாரு! இன்னொரு தரம் படிக்கவா?

– படிங்க.

– "வாழ்த்துகள், கேப்டன்."

– இன்னும் ஒரு தரம். சத்தமா.

– "வாழ்த்துகள், கேப்டன்!" மாடி வீட்டுல ஜன்னலைத் திறக்கறாங்க. திறக்கட்டும், நல்லாக் கேக்கட்டும். இனிமே எவனாவது 'பூட்டுக்காரரே'ன்னு கூப்பிட்டா நான் திரும்பிக்கூடப் பாக்க மாட்டேன்.

– போதும், காலரைத் தூக்கினது. கிழிஞ்சுடப் போகுது.

– கிழிஞ்சா கிழியட்டும். சரி, விரலைக் கொடு. மறுபடி கைரேகையைப் பதிஞ்சு வெச்சுடலாம்.

– முதல்ல பாஸ்வேர்டை மாத்தணும்.

– எதுக்கு? என் பாதி நல்லாத்தானே இருக்கு.

– உங்க பாதி அப்படியே இருக்கட்டும். செத்தாலும் அதை மாத்த விட மாட்டேன். என் பாதியைத்தான் மாத்தணும்.

– விடேன். இப்ப எதுக்கு அதெல்லாம்...

– இல்ல, சொல்லிடறேன். அன்னைக்கு நான் 'இனி பரீட்சை எழுத மாட்டேன்'னு அடிச்சேங்க. மறு வாரமே நீங்க ஒரு வார்த்தை பேசாம புத்தகத்தைக் கொண்டாந்து மேஜைமேல வெச்சீங்க, நானும் வீம்புக்குப் படிச்சேன், எழுதினேன். ஆனா நீங்க 'கேப்டன் வீட்டுக்காரன்'னு எழுதின எழுத்துக்குப் பக்கத்துலயே அது இத்தனை வருஷம் ஒட்டிக்கிட்டு இருந்திருக்கு. உங்களுக்குத் தெரியவே கூடாதுன்னு இருந்தேன்.

– தெரியும்மா. நீ எதை அடிச்சாலும் முணுமுணுத்துக்கிட்டேதானே அடிப்பே, அன்னைக்கே காதுல விழுந்துடுச்சு. தினம் தினம் அந்த வார்த்தையை உன் கையால அடிக்க வேண்டாம்னுதான் கைரேகை, கைரேகைன்னு அடம் பிடிச்சேன்.