நின்றபடி உண்டவர்களுக்கு ஒரு மேசை

விழாவுக்குத் தலைமையேற்றிருக்கும் அருங்காட்சியக அறக்கட்டளைத் தலைவர் லுட்விக்சன் அவர்களே! விஸ்கான்சினின் மார்ச் மாதச் சேற்றில் வழுக்காமல் வந்து சேர்ந்த பெரியோர்களே! சமையலறையிலிருந்து எட்டிப் பார்க்கும் தாய்மார்களே! பழங்கால வாழ்க்கையை நடித்துக் காட்டும் உடையோடு பின்வரிசையில் பதுங்கியிருக்கும் பணித்தோழர்களே! உங்கள் அனைவருக்கும் என் அன்பு வணக்கம்.

நூற்றைம்பது ஆண்டு கண்ட விடுதியின் பின்புறத்தில், அதைவிட உயராமல், அதன் அழகை மறைக்காமல் அடங்கி நிற்கும் இந்த உணவுக்கூடத்தை வரைந்த கட்டடக்கலைஞன் நான். முதலில் வரைந்தது இதையா? இல்லை! பார்வையாளருக்கு இருநூறு இருக்கை. பணியாளருக்கு? சுவரைப் பார்த்த நான்கு முக்காலி! அதைத்தான் வரைந்தேன், அதைத்தான் பாராட்டினார்கள்.

அளவெடுக்க வந்த ஒரு நண்பகல். பண்ணை வீட்டில் அந்தக்காலத்துக் குடும்பத்தலைவியாக நடித்துக் காட்டும் மெர்ல் அம்மையார், சரக்கறையில் சுவரைப் பார்த்தபடி நின்று சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"உக்காந்து சாப்பிடலாமே?"

"எங்க உக்கார்றது? இந்த உடுப்போட நான் சாப்பிடுறத யாராவது பாத்துட்டா, அந்தக்காலமே கலைஞ்சு போயிடுமாம்!"

"எத்தனை வருஷமா இப்படி?"

"பதினேழு. தினம் நூறு பேரு பேசுறாங்க. எம் பேர ஒருத்தரும் கேட்டதில்ல."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் மனைவி மறைந்த இரண்டாண்டாக நானும் அப்படித்தானே! பாத்திரம் கழுவும் தொட்டியருகே நின்று, எவருக்கும் காத்திராமல், எதையும் ருசிக்காமல் விழுங்கியவன்தானே!

அன்றே வரைபடத்தைக் கிழித்தேன். கிழக்குச் சன்னலோரம் பதினாறு பேருக்கு நீள மேசை, நீள பெஞ்சு. யாருக்கு? பணியாளருக்கு!

தலைவர் கொதித்தார். சொல்லட்டுமா ஐயா? சிரிக்கிறார், சொல்கிறேன்!

"ஏம்ப்பா எல்டன், பதினாறு பேருக்காக நாப்பது சீட்டு போகுதே! நம்ம ஆளுங்க சிப்ஸ் கொறிக்கிறதப் பாக்கவா ஜனங்க வர்றாங்க?"

"மேசை இல்லன்னா வேற ஆளப் பாத்துக்குங்க" என்றேன்.

அறக்கட்டளைக் குழுக் கூட்டத்தில் மெர்ல் எழுந்தார். "எம் பேரு மெர்ல் ஹேகன்ஸ்டாட். பசிக்கிறது எனக்கு, அந்தக்காலத்துக்கு இல்ல."

ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் வென்றது மேசை! கைதட்டுங்கள், அவருக்காகத் தட்டுங்கள். ஆனால் அவர் இங்கே இல்லை. முழங்கால் வலி முற்றி, சென்ற இலையுதிர் காலத்தில் ஓரிகனில் இருக்கும் தங்கை வீட்டோடு போய்விட்டார். யாருக்காக வரைந்தேனோ, அவர் அமராத மேசை இது!

நேற்று நண்பகல் இதில் தன்னந்தனியாக அமர்ந்தேன். பதினைந்து இடம் காலி. கொல்லுப்பட்டறை ஆர்விட் டிபன் டப்பாவோடு வந்தார். எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம் அல்லவா? நேராக என்னிடம் வந்தார்.

"கொஞ்சம் தள்ளி உக்காருய்யா."

தள்ளி உட்கார்ந்தேன் ஐயா! இரண்டாண்டில் முதன்முறையாக, உணவின் ருசி தெரிந்தது!

பொறுமையோடு கேட்ட உங்களுக்கு நன்றி. பக்கத்தில் இருப்பவரின் பெயரைக் கேட்டுக்கொண்டு, சாப்பிட வாருங்கள். வணக்கம்!