சாவிக்கு நிற்காத வண்டி

காபியில் சர்க்கரை போடலாமா என்று கேட்காமலே போட்டுவிட்டேனே, இந்தப் பெண்ணுக்குப் பிடிக்குமோ என்னமோ. கமர்ஜஹான் டம்ளரைக் கையில் எடுத்தபோது என் மனதில் அதுதான் ஓடிக்கொண்டிருந்தது. பேகம்பூரில் எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு இரண்டு தெரு தள்ளி அவள் வீடு. பாவாடை கட்டிய வயதிலிருந்து பார்க்கிற முகம். இப்போது வக்கீல். சிறையில் இருக்கும் என் கணவர் மரியசெல்வத்துக்காக வாதாடுகிறவள்.

"ஜோஸ்பின் அக்கா, கோர்ட்டுல வந்து ஒரே ஒரு வார்த்த சொல்லுங்க. அந்த வண்டி சாவிய அணைச்சா நிக்காதுன்னு. அண்ணன் சொன்னா ஒருத்தரும் நம்ப மாட்டேங்குறாங்க. நீங்க டீசல் பம்ப் வேலை பாக்குறவங்க. நீங்க சொன்னா எடுபடும்."

"குடிம்மா, ஆறிப்போயிரும்" என்றேன்.

அவள் குடித்து முடிப்பதற்குள் எல்லாவற்றையும் எனக்குள்ளேயே ஒருமுறை ஒழுங்காகச் சொல்லிப் பார்த்துக்கொள்ள நினைத்தேன்.

என் கணவர் ஓட்டும் எங்கள் மினி லாரி நிலக்கோட்டை மார்க்கெட்டிலிருந்து மல்லிகை ஏற்றிப் போகும். டீசல் எஞ்சினுக்கு உயிர் கொடுப்பதும் எடுப்பதும் ஒரு சின்ன அமைப்பு. சாவியைப் போட்டால் சொலினாய்டு என்கிற மின்காந்தம் ஒரு லீவரை இழுத்துப் பிடித்துக்கொள்ளும், டீசல் போகும். சாவியை அணைத்தால் பிடி விட்டுப்போகும். ஒரு ஸ்பிரிங் அந்த லீவரைத் திருப்பி இழுக்கும். டீசல் அடைபட்டு எஞ்சின் நிற்கும். எங்கள் பக்கத்துப் புழுதிக்கு அது தாங்குவதில்லை. ரப்பர் உறை வெடித்து உள்ளே மண் புகுந்துவிடும். பிடி நழுவி, ஓடுகிற வண்டி நடுரோட்டில் நின்றுவிடும்.

"உங்கப்பனும் பம்பு மெக்கானிக்கு, நீயும் பம்பு மெக்கானிக்கு. எவன் எவன் வண்டியோ ஓடுது, என் வண்டி மட்டும் படுத்துக்கிருது" என்று அவர் கேலி செய்வார்.

"அது உங்க குணம். நெனச்ச எடத்துல நின்னுக்கிரும்" என்பேன்.

இரண்டு பேரும் சிரிப்போம். அப்போது அது வெறும் சிரிப்புத்தான்.

வண்டி நின்ற நாட்களில் போன் வரும். "சொலினாய்டு போயிருச்சு புள்ள. காலையிலதான் வாரேன். நீ சாப்பிட்டுப் படு." நான் சாப்பிட மாட்டேன். சோற்றையும் வெஞ்சனத்தையும் மூடி வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பேன். அந்தப் போன் அடிக்கடி வர ஆரம்பித்தபோதுதான், இனி பழுதே ஆகாதபடி அதைச் செய்துவிடுவது என்று முடிவு செய்தேன். லீவர் சுழலுகிற பிளாஸ்டிக் புஷ்ஷைக் கழற்றிவிட்டு பித்தளையில் கடைந்து போட்டேன். ரப்பர் உறைக்கு மேல் பழைய டியூபை வெட்டி இன்னொரு உறை தைத்தேன். சொலினாய்டு உட்காரும் தகடு அதிர்வில் விரிசல் விடும். அதைக் கனமான தகடாக மாற்றி வெல்டு வைத்தேன். அப்பா இருந்திருந்தால் விரலால் தட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போயிருப்பார். அவர் பாராட்டு அப்படித்தான் இருக்கும்.

அதற்குப் பிறகும் போன் வந்தது. அதே வார்த்தைகள்.

மறுநாள் காலையில் அவர் குளிக்கப் போனதும் பானெட்டைத் திறந்தேன். பித்தளை மினுமினுவென்று இருந்தது. உறைக்குள் ஒரு பொட்டுத் தூசி இல்லை. சட்டையில் வாசனை பார்த்துப் பெண்கள் கண்டுபிடிப்பார்கள் என்று சொல்வார்கள். பூ வண்டிக்காரர் சட்டையில் என்ன வாசனையைப் பார்ப்பது? நான் பித்தளையைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

தலையைத் துவட்டிக்கொண்டே வந்தார். "பாத்தியா, உன் வேலை புட்டுக்கிச்சு" என்றார். அவர் பொய் சொன்னதுகூட எனக்குப் பெரிதாகப் படவில்லை. அந்தப் பொய்யை என் வேலையின் மேல் ஏற்றி வைத்தாரே, அதுதான்.

பஸ் ஏறி நிலக்கோட்டை போனேன். பூக் கமிஷன் கடையில் எடை போடுகிறவள், பெயர் மலர்விழி, வீடு ஒரு சந்தின் கடைசியில். கேட்டுத் தெரிந்துகொள்ளச் சிரமமே இல்லை. மார்க்கெட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. சந்து அவள் வீட்டுச் சுவரோடு முடிந்துவிடும். சுவருக்கு முன்னால் டயர் தடம். நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது அவளே வெளியே வந்தாள்.

"யாரு வேணும்க்கா? இந்த வெயில்ல நிக்கிறீங்களே. செத்த உள்ள வந்து உக்காருங்க."

தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்தேன். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. இதை யார் கேட்டாலும் சொல்வேன்.

அடுத்த வாரம் ஸ்பிரிங்கைக் கழற்றினேன். எப்போதும் இழுத்துக்கொண்டே இருக்கிற பொருள்தான் மற்றதையெல்லாம் தேய்க்கிறது. அது இல்லையென்றால் லீவரும் தேயாது, புஷ்ஷும் தேயாது. இது தொழில் தெரிந்த யாரும் ஒத்துக்கொள்கிற விஷயம். சாவியை அணைத்தாலும் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும், அவ்வளவுதான். ஓடுகிற எஞ்சினோடு ஒரு வண்டியை எந்தச் சந்தில் நிறுத்தி வைக்க முடியும்? சுற்றியிருக்கிற வீடெல்லாம் எட்டிப் பார்க்காதா?

"புதுப் பார்ட்டு கோயம்புத்தூர்லேருந்து வரணும். அதுவரைக்கும் இப்பிடித்தான்" என்று அவரிடம் சொன்னேன். நம்பினார். வண்டி விஷயத்தில் நான் சொன்னதை அவர் நம்பாமல் இருந்ததே இல்லை.

சாயங்காலமானால் வாசலில் ஹாரன் கேட்கும். நான் போய்ப் பானெட்டைத் திறந்து விரலால் லீவரைத் தள்ளுவேன். எந்த லீவர் என்று அவருக்குக் காட்டித் தரவில்லை. எஞ்சின் அடங்கும். பிறகு அவர் இறங்கி வருவார். என் கை பட்டால்தான் அவருடைய நாள் முடியும் என்று இருந்தது. கல்யாணமான வருஷத்தில்கூட நான் அவ்வளவு நிம்மதியாக இருந்ததில்லை.

"மார்க்கெட்டுல பெரும் ரோதனையா இருக்கு புள்ள. லோடு ஏத்துறவரைக்கும் உறுமிக்கிட்டே நிக்குது. டீசல் என்ன உங்கப்பன் வீட்டுக் கெணத்துலயா ஊறுது?" என்று ஒருநாள் சலித்துக்கொண்டார். நியாயம்தான். அதனால் கியரில் வைத்து நிறுத்தச் சொல்லிக் கொடுத்தேன். மேல் கியரில் போட்டு, பிரேக்கை முழுக்க மிதித்துக்கொண்டு, கிளட்ச்சைச் சட்டென்று விட வேண்டும். எஞ்சின் திணறி நின்றுவிடும். வண்டி முன்னால் துள்ளினாலும் அடிபடாமல் இருக்க எங்கள் வாசல் சுவரில் ஒரு லாரி டயரைச் சாய்த்து வைத்தேன்.

டயர் இருக்கிற தைரியத்தில் அவர் பிரேக்கை மிதிப்பதை விட்டுவிட்டார். கியரையும் மாற்றுவதில்லை. இருந்த கியரிலேயே கிளட்ச்சை விடுவார். வண்டி பாய்ந்து டயரில் முட்டி நிற்கும். "பிரேக்கை மிதிங்க" என்று முதல் நாள் சொன்னேன். அப்புறம் சொல்லவில்லை. நிறுத்தப் பழகிவிட்டால் எங்கே போய் நிறுத்துவார் என்று எனக்குத் தெரியும். அந்தச் சந்துச் சுவரில் டயர் இல்லை என்பதும் எனக்கு ஞாபகம் இருந்தது.

அன்று வண்டி சந்துக்குள் போய்ச் சுவருக்கு முன்னால் நின்றிருக்கிறது. நின்றுவிட்டதே என்றுதான் மலர்விழி வண்டிக்கும் சுவருக்கும் நடுவில் குறுக்கே வந்திருக்கிறாள். அவர் கிளட்ச்சை விட்டிருக்கிறார்.

"ஜோஸ்பினு, வா" என்று மட்டும் போனில் சொன்னார். டூல்ஸ் பையை எடுத்துக்கொண்டு போனேன். ஸ்பிரிங் அந்தப் பையில்தான் கிடந்தது. நான் போனபோது அவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள். வழியிலேயே உயிர் போய்விட்டது என்று பிறகு தெரிந்தது. இவர் தரையில் உட்கார்ந்து இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார். மலர்விழியின் தம்பி சங்கிலி அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினான். "வேணும்னே ஏத்திட்டான்யா. முந்தாநாளுதான் எங்கக்காகூடச் சண்டை போட்டான்." எல்லோரும் அவர்கள் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பானெட்டைத் திறந்தேன். மெக்கானிக் பானெட்டைத் திறந்தால் ஏன் என்று யாரும் கேட்பதில்லை. ஸ்பிரிங்கை அதன் இடத்தில் மாட்டினேன். பிரித்த பொருளைப் பிரித்தபடியே விட்டுவிட்டு வருவது எனக்குப் பழக்கமில்லை.

வண்டியைச் சோதிக்க வந்த அதிகாரி சாவியைப் போட்டுப் போட்டு அணைத்துப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் எஞ்சின் சொன்னபடி நின்றது. சாவிக்கு நிற்காது என்று இவர் சொன்னது பொய்யாகிவிட்டது. சங்கிலி சொன்னது உண்மையாகிவிட்டது. கொலைக் கேஸ் போட்டார்கள்.

பார்க்க விடுகிற நாளில் போகிறேன். கம்பிக்கு அந்தப் பக்கம் நிற்கிறார். இளைத்துவிட்டார். "சாப்டியா புள்ள?" என்று கேட்கிறார். அவளைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. ஆனால் கண் வீங்கியிருக்கும். வெளியே வந்தால் முதலில் அவளைப் புதைத்த இடத்துக்குத்தான் போவார். இப்போது அவர் எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியும். மூடி வைத்த சோற்றுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. படுத்தால் தூக்கம் வருகிறது.

கமர்ஜஹான் டம்ளரைக் கீழே வைத்தாள். "என்னக்கா இம்புட்டு யோசனை? நீங்க சொன்னாத்தான் அண்ணன் வெளிய வர முடியும். அவரு உங்களத்தான் நம்பிக்கிட்டு இருக்காரு. 'ஜோஸ்பினு சொல்லுவா, அவளுக்குத் தெரியும்'னு திரும்பத் திரும்பச் சொல்றாரு. வருவீங்கல்ல?"

"வர மாட்டேம்மா" என்றேன்.

டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

"நல்லா இருந்த வண்டிம்மா அது. நான் பாத்த வேலைய நானே எப்பிடிக் குறை சொல்றது?"