ஓட்டைகளை அடைத்தவன்

கை கழுவும் தொட்டி வார்டு வாசலிலேயே இருந்தால் எல்லாரும் கை கழுவுவார்கள், இன்ஸ்பெக்டர். உள்ளே தள்ளி வைத்தால் பாதிப் பேர் மறந்துவிடுவார்கள். அவர்கள் கெட்டவர்கள் அல்ல; தொட்டி இருக்கும் இடம் சரியில்லை, அவ்வளவுதான். ஈப்போவில் அந்த மருத்துவமனையின் தர மேம்பாட்டுப் பிரிவில் சேர்ந்ததும், நான் செய்த முதல் வேலை தொட்டிகளை இடம் மாற்றியது.

அதற்கு முன் கையுறைத் தொழிற்சாலையில் தரம் பார்த்துக்கொண்டிருந்தேன். என் மனைவி கார்மென் பித்தப்பைக் கல்லுக்காக அதே மருத்துவமனையில் அறுவை செய்துகொண்டாள். நன்றாகத்தான் இருந்தாள், மறுநாள் இட்லி கேட்டாள். சாயங்காலம் அவளுக்கு ஏற்ற வேண்டிய மருந்துக்குப் பதிலாக, அதே மாதிரிக் குப்பியில் இருந்த வேறொன்றை ஏற்றிவிட்டார்கள். அன்றிரவே போய்விட்டாள். ஏற்றியவர் வார்டு பொறுப்பாளர் சிஸ்டர் கெர்ட்ரூட்.

விசாரணை முடிந்ததும் இயக்குநர் டாக்டர் லயனல் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"யாரையும் குத்தம் சொல்ல முடியாது திமோத்தி. ரெண்டு குப்பியும் ஒரே தட்டுல இருந்திருக்கு. சிஸ்டத்துலதான் ஓட்டை லா. ஆளைத் தண்டிச்சா மத்தவங்க தப்ப மறைக்க ஆரம்பிச்சிடுவாங்க."

அவர் சொன்னது உண்மை. வீட்டுக்குப் போய் அதையே யோசித்தேன். ஓட்டை இருக்கும்வரை கெர்ட்ரூட் அதற்குள் ஒளிந்துகொள்ளலாம். எல்லா ஓட்டைகளையும் அடைத்துவிட்டால், அடுத்த பிழை அவருடையதாகத்தான் இருக்க முடியும். நானே போய் அந்தப் பிரிவில் வேலை கேட்டேன். டாக்டர் லயனல் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பெரிய மனசு உங்களுக்கு" என்றார்.

மனசு வைத்துத்தான் செய்தேன். ஒன்றுபோல இருக்கும் மருந்துகளைத் தனித்தனி நிற இழுப்பறைகளுக்கு மாற்றினேன். ஆபத்தான மருந்தை ஏற்றும் முன் தாதியர் இருவர் சேர்ந்து பெயரை உரக்கப் படிக்க வேண்டும் என்று விதி கொண்டுவந்தேன். மாதாமாதம் கூடி, எங்கே தடுக்கினோம் என்று பேசினோம், பேசியதைத் திருத்தினோம், திருத்தம் நிலைக்கிறதா என்று மறுபடியும் பார்த்தோம். தாப்பா, லூமுட் மருத்துவமனைகளிலிருந்தும் ஆட்கள் வந்து கற்றுக்கொண்டு போனார்கள்.

எனக்கு அதிகம் உதவியவர் கெர்ட்ரூட்தான். தன்னுடைய சின்னத் தடுமாற்றத்தைக்கூடக் கூட்டத்தில் தானே எழுந்து சொல்வார். புதிதாக வரும் தாதியரிடம், "கார்மென்னு ஒரு அக்கா, என் கையாலதான் போனாங்க. நீங்க ரெண்டு தடவ படிங்க" என்பார். என் மனைவியின் பெயரை அந்த வாயிலிருந்து கேட்கும்போது நான் தலையசைப்பேன்.

பிரச்சினை என்னவென்றால், பிழை வரவேயில்லை. வருஷங்கள் போயின. கெர்ட்ரூடின் பணி ஓய்வு நெருங்கியது. கேக்குக்குச் சொல்லிவிட்டார்கள், வாழ்த்துரை என்னைப் பேசச் சொன்னார்கள்.

ஓய்வுக்குச் சில நாள் முன்பு ஒரு காலை, வார்டில் ஆள் குறைவு. நான் மருந்தறைக்குப் போய், சிவப்பு இழுப்பறையில் இருந்த குப்பிகளை, அதே மாதிரிக் குப்பிகள் இருக்கும் நீல இழுப்பறையில் வைத்தேன். பிறகு, கெர்ட்ரூடுடன் சேர்ந்து படிக்க வேண்டிய ஷாமினியைப் பயிற்சிக்கு அழைத்தேன்.

"இப்பவா சார்? மருந்து நேரமாச்சே."

"கொஞ்ச நேரம்தான், வாங்க."

அதற்கு மேல் நான் எதையும் தொடவில்லை. ஷாமினி வரும்வரை கெர்ட்ரூட் காத்திருக்கலாம். தனியாகவாவது படித்திருக்கலாம். நோயாளி முனகியதைப் பொறுக்காமல் அவசரப்பட்டார்.

இறந்தவர் காளியம்மா. சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். தோட்டம் கைமாறி, தொழிலாளர் குடியிருந்த லயங்களை இடித்த பிறகு, மகள் பாப்பாவோடு அங்கேயே தாமான் குடியிருப்பில் ஒரு வீட்டில் இருந்தார்.

கூட்டத்தில் டாக்டர் லயனல் வழக்கம்போல, "சிஸ்டத்துல எங்க ஓட்டைன்னு பாப்போம்" என்று ஆரம்பித்தார். கெர்ட்ரூட் எழுந்தார்.

"சிஸ்டம் நல்லாத்தான் இருக்கு டாக்டர். நான் படிக்கல. என் தப்பு."

அன்று மதியம் வாழையிலைச் சோறு வயிறாரச் சாப்பிட்டேன்.

அதன் பிறகு நடந்ததுதான் எனக்குப் பிடிக்கவில்லை. கெர்ட்ரூட் சுங்கை சிப்புட்டுக்குப் போய் பாப்பாவின் வாசலில் நின்றாராம். பாப்பா திட்டினாராம், அழுதாராம், கடைசியில் "உள்ள வாங்கக்கா" என்றாராம். அது நியாயமா? கார்மென் இறந்த வாரமும் கெர்ட்ரூட் இப்படித்தான் என் வீட்டு கேட்டைப் பிடித்துக்கொண்டு மழையில் நின்றார். நான் திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் போகும்வரை திறக்கவில்லை. அழுதால் கதவு திறந்துவிடும் என்றால், யார்தான் எதற்குப் பயப்படுவார்கள்?

அந்தப் பயிற்சிக்குத் தன்னைத் தவிர வேறு யாரும் வரவில்லை என்று ஷாமினி உங்களிடம் சொல்லியிருக்கிறாள். சரிதான். மருந்தறைக் கேமராவில் தெரிவதும் நான்தான். அந்தக் கேமராவை வைக்கச் சொன்னதே நான். படம் தெளிவாக இருக்கும்.

ஒன்றை மட்டும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். காளியம்மா மீது எனக்கு எந்தக் கோபமும் கிடையாது. குப்பிகளை மாற்றிவிட்டு வரும் வழியில் அவர் கட்டிலருகே நின்றேன். அன்றைக்கு அந்த மருந்து யாருக்குப் போகும் என்று எனக்குத் தெரியும். "தம்பி, தலகாணிய கொஞ்சம் ஏத்தி விடுங்க" என்றார். முதுகுக்கு வாகாக ஏற்றி வைத்தேன். கால் தெரிந்தது, போர்வையை இழுத்து மூடிவிட்டேன். "நல்லா இருப்பீங்க தம்பி" என்றார். அவருக்கு நான் ஒரு குறையும் வைக்கவில்லை.