மஞ்சள் கவுன், முன்பல் இல்லை

சூடாக எதுவும் வேண்டாம், தண்ணீர் போதும். குரலை வைத்துப் பிழைக்கிறவர்கள் வெந்நீர்தான் குடிப்பார்கள் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். எனக்குக் குழாய்த் தண்ணீரே ஒத்துக்கொள்ளும்.

ஆறு வருடங்களுக்கு முன்பும் இதே அறையில்தான் உட்கார்ந்திருந்தேன். அப்போது இந்த நாற்காலிக்கு ஒரு கால் ஆடும். விசாரணைக்காக நீங்கள் என்னிடம் நான்கு கேள்விகள் கேட்டீர்கள். மூன்றுக்கு உண்மையான பதில் சொன்னேன். நான்காவதைப் பற்றிப் பேசத்தான் இன்று நானாக வந்திருக்கிறேன். என்னை யாரும் கூப்பிடவில்லை.

அந்தப் பன்னிரண்டு மணி நேரக் கார்ப் பந்தயத்துக்கு ஒலிபெருக்கியில் பேசுகிறவள் நான். இருபத்தொரு வருடமாகப் பேசுகிறேன். பந்தயம் வருடத்தில் ஒரே நாள்தான், காலை ஆறு மணியிலிருந்து மாலை ஆறு வரை. மற்ற நாட்களில் ஆஸ்பத்திரியில் டோக்கன் எண்களைக் கூப்பிடுகிறேன். அங்கே என் குரலை யாரும் கேட்பதில்லை, தங்கள் எண்ணை மட்டும் கேட்கிறார்கள். வீட்டில் நான் பேச ஆரம்பித்தால் என் கணவர் செய்தித்தாளின் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார். என் மகன், "அம்மா, மைக்ல பேசுற மாதிரி பேசாத" என்பான். இதையெல்லாம் குறையாகச் சொல்லவில்லை. பின்னால் வரப்போவதற்கு இது தேவைப்படும்.

பந்தயத்தைப் பார்க்கிறவர்களுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் எந்தக் கார் முன்னால் போகிறது என்றே தெரியாது. எல்லாம் சுற்றிக்கொண்டே இருக்கும். ஓட்டுநர்கள் மாறுவார்கள், டயர் மாறும், ஒன்று நின்றுபோகும், நின்றது மறுபடி கிளம்பும். நான் சொன்னால்தான் அது பந்தயம். சொல்லாவிட்டால் வெறும் இரைச்சல். ஆரம்ப வருடங்களில் இருட்டு பிரியும் முன்பே பாயும் சாப்பாட்டுத் தூக்குமாகக் குடும்பம் குடும்பமாக வந்துவிடுவார்கள். மதியம் பாதிப் பேர் குடைக்கடியில் தூங்குவார்கள். தூக்கத்திலேயே சத்தத்தை வைத்து, "நம்ம சிவப்பு வண்டி போகுது" என்று முனகுவார்கள். கடைசி ஒரு மணி நேரம் மைதானமே எழுந்து நிற்கும்.

கூட்டம் எவ்வளவு என்று பந்தயக் குழுவின் செயலாளர் நுழைவுச் சீட்டை வைத்துச் சொல்வார். நான் தொலைந்த குழந்தைகளை வைத்துச் சொல்வேன். முதல் வருடம் நாற்பத்திரண்டு குழந்தைகள் தொலைந்தார்கள். அத்தனை பேரும் கிடைத்தார்கள். என் கண்ணாடி அறையின் படிக்கட்டில் வரிசையாக உட்கார்ந்து பிஸ்கட் தின்றார்கள். பிறகு முப்பது, பதினேழு, ஒன்பது. ஒரு வருடம் ஒரு குழந்தையும் தொலையவில்லை. தொலையும் அளவுக்கு அங்கே ஆள் இல்லை.

வந்திருந்த கொஞ்சம் பேரும் மாறியிருந்தார்கள். காலையில் போன் வைத்துப் படம் எடுத்துவிட்டு வெயில் ஏறுமுன் போய்விடுவார்கள். இருப்பவர்கள் ஆளுக்கொரு மரத்தடியில், பக்கத்து ஆளோடு பேசாமல், குனிந்த தலை நிமிராமல். ஒலிபெருக்கிக் கம்பிகளைப் பார்த்துக்கொள்கிறவரை நாங்கள் ஒயர்காரர் என்போம். அவர் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கூட்டத்தை எண்ண ஒரு கை போதும் மேடம். கட்டைவிரலைக்கூட வீட்டுக்கு அனுப்பிடலாம்."

நான் சிரித்தேன். செயலாளர் சிரிக்கவில்லை.

"டிவிக்காரன் ஒரே ஒரு கேமராதான் அனுப்புறான். அதையும் ஏழாவது வளைவுல வெச்சிருக்கான். மூணே காலுக்கு மேல பத்து நிமிஷம் நேரலை. அதுல காலி மைதானம் தெரிஞ்சா அடுத்த வருஷம் பந்தயமே கிடையாது. வீட்ல உக்காந்து பல்லி கத்துறதைக் கேக்க வேண்டியதுதான்" என்றார்.

ஏழாவது வளைவிலிருந்து பார்த்தால் பந்தயம் நன்றாகத் தெரியும் என்று நான் அறிவித்தேன். இரண்டு பேர் எழுந்து போனார்கள். அங்கே நிழல் இல்லை என்று ஒருவர் திரும்பி வந்துவிட்டார்.

அடுத்த வருடம் மூன்று மணி சுமாருக்கு ஒரு சிறுவன் உண்மையாகவே தொலைந்துபோனான். கடைசியாக ஏழாவது வளைவுப் பக்கம் பார்த்ததாக அவன் அம்மா சொன்னாள். அறிவித்தேன். அப்போது கண்ணாடி வழியாக நான் பார்த்ததை இன்றுவரை மறக்கவில்லை. மரத்தடிகளிலிருந்து ஒவ்வொருவராக எழுந்தார்கள். போனைப் பைக்குள் வைத்தார்கள். "என்ன நிறச் சட்டை?" என்று முன்பின் தெரியாதவரிடம் கேட்டார்கள். கால் மணி நேரத்தில் ஏழாவது வளைவில் கூட்டம் நின்றது. பையன் கிடைத்தான், சொன்னேன். மொத்த மைதானமும் கைதட்டியது. தட்டிவிட்டுப் போகவில்லை, அங்கேயே நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் குடைக்குள் இன்னொருவர் நின்றார். பழைய நாட்கள் பத்து நிமிடம் திரும்பி வந்ததுபோல் இருந்தது. டிவியில் எல்லாம் நன்றாகத் தெரிந்தது என்றார் செயலாளர்.

அதற்கடுத்த வருடம் யாரும் தொலையவில்லை. மூன்று மணிக்கு நான் மைக்கை அழுத்தினேன். நான்கு வயதுப் பையன், நீலத் தொப்பி என்றேன். பத்து நிமிடம் கழித்துக் கிடைத்துவிட்டான் என்றேன். யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. மனிதர்கள் நல்லவர்களாக நடந்துகொள்ள ஒரு வாய்ப்பு கொடுத்தேன் என்றுதான் அன்று வீட்டுக்குப் போகும் வழியில் நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பு எனக்குப் பிடித்திருந்தது.

இரண்டாவது வருடம், சிவப்புச் செருப்பு போட்ட பெண். நன்றாகத் தட்டினார்கள்.

மூன்றாவது வருடம் நடந்தது உங்களுக்குத் தெரியும். தெரியாததை மட்டும் சொல்கிறேன்.

ஐந்து வயதுப் பெண். மஞ்சள் கவுன். முன்பல் இல்லை. அந்தப் பல்லை ஏன் சேர்த்தேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். பல் இல்லாத குழந்தையை யாராலும் சந்தேகப்பட முடியாது. அன்று கூட்டம் சேரத் தாமதமாயிற்று. சேர்ந்தவர்களும் கேமராவுக்குப் பின்பக்கம் நின்றார்கள். கேமரா பார்த்த இடம், கூட்டத்தைத் தடுக்கக் கட்டிய கயிற்றுக்கு உள்பக்கம், பாதையை ஒட்டிய சரிவு. கீழே புதர். "குழந்தை கயிற்றைத் தாண்டிப் புதர்ப் பக்கம் போயிருக்கலாம்" என்று நான் சொன்னேன். கயிற்றை யார் அவிழ்த்தார்கள் என்று நீங்கள் இரண்டு மாதம் விசாரித்தீர்கள். யார் கை அவிழ்த்தது என்று எனக்கும் தெரியாது. அவிழ்க்கச் சொன்னது என் வாய்.

அந்த வளைவில் கொடி பிடித்தவரைக் கொடியண்ணன் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். பந்தய நாளில் கூலி இல்லாமல் வந்து நிற்பார். பாதையில் எண்ணெய் சிந்தினாலோ, கார் நின்றாலோ, பின்னால் வருகிறவனுக்கு எச்சரிக்கைக் கொடி காட்டுவது அவர் வேலை. முன்பு ஒரு வளைவுக்கு மூன்று பேர் நிற்பார்கள். ஆட்கள் குறைந்துபோய் அன்று அவர் ஒருவர்தான்.

அவர் கொடியைக் கீழே வைத்ததைத் தொலைநோக்கியில் பார்த்தேன். ஆம், பார்த்தேன். உங்கள் மூன்றாவது கேள்வி, அவர் இடத்தை விட்டுப் போனதை யாராவது பார்த்தீர்களா என்பது. பார்த்தேன் என்று சொன்னேன், எழுதிக்கொண்டீர்கள். எப்போது பார்த்தேன் என்று நீங்கள் கேட்கவில்லை.

கொடியைக் கல் மேல் மடித்து வைத்துவிட்டு, கையை வாய்க்குக் குவித்துக் கூப்பிட்டுக்கொண்டே சரிவில் இறங்கினார். அடுத்த நிமிடம் நீலக் கார் ஒன்று புகைந்துகொண்டே வளைவைக் கடந்தது. கடந்த இடத்தில் பாதை பளபளத்தது. எண்ணெய் என்று எனக்குத் தெரியும், அதற்குள் பதினைந்து வருடம் பார்த்திருந்தேன். அப்போதே "குழந்தை கிடைத்துவிட்டாள்" என்று சொல்லியிருந்தால் அவர் கொடிக்குத் திரும்பியிருப்பார். மற்றவர்களும் ஏறி வந்திருப்பார்கள். என் விரல் மைக்கின் பொத்தான் மேல்தான் இருந்தது. கேமராவின் சிவப்பு விளக்கு அப்போதுதான் எரியத் தொடங்கியிருந்தது. சரிவு முழுக்க ஆட்கள். அவ்வளவு கூட்டத்தை ஏழெட்டு வருடமாக நான் பார்க்கவில்லை. இன்னும் ஒரு சுற்று போகட்டும் என்று நினைத்தேன். ஒரு சுற்று என்பது இரண்டு நிமிடம் பதினாறு விநாடி.

அந்தச் சுற்றுக்குள் இன்னொரு கார் எண்ணெயில் வழுக்கிச் சரிவில் இறங்கியதில் செத்தவர்கள் மூன்று பேர். ஒரு தையல்காரர். ஒரு பள்ளி வேன் ஓட்டுநர். செவிலியர் படிப்பு படித்துக்கொண்டிருந்த ஒரு பெண், இருபத்திரண்டு வயது. மூவரும் பந்தயத்துக்கு முதுகு காட்டி நின்றிருந்தார்கள். அந்தப் பெண் புதர் முன்னால் குந்தி உட்கார்ந்து, "பாப்பா, பயப்படாம வா, அக்கா அடிக்க மாட்டேன்" என்று சொல்லிக்கொண்டிருந்ததாகப் பக்கத்தில் நின்றவர் சொன்னார். உங்கள் அறிக்கையிலும் அது இருக்கிறது. நான் படித்தேன். அந்தப் பக்கத்தை மட்டும் பலமுறை படித்தேன்.

நான்காவது கேள்வி, குழந்தை கிடைத்ததா என்பது. கிடைத்தது என்றேன். நல்லவேளை என்றீர்கள். எந்தத் தாயும் வந்து அழவில்லை, எந்த அப்பாவும் நன்றி சொல்ல வரவில்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை. குழந்தையின் பெயரைக்கூட யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு பெயர் சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

கொடியண்ணனுக்கு ஒன்றரை வருடம் சிறை. பணிமனை வேலை போயிற்று. விசாரணையில் அவர் ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னார்: "பிள்ளையைக் காணோம்னு சொன்னாங்க, போனேன்."

மறுவருடம் கூட்டம் வந்தது. அப்படியொரு கூட்டத்தை நான் என் முதல் வருடத்திலும் பார்த்ததில்லை. வாசலிலேயே, "எது அந்த வளைவு?" என்று கேட்டார்கள். போய் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். நிழல் இல்லை என்று ஒருவரும் திரும்பவில்லை. ஐம்பத்தொரு குழந்தைகள் தொலைந்தார்கள், எல்லாம் நிஜக் குழந்தைகள். செயலாளர் என் அறைக்கு வந்து கண்ணாடி வழியாகப் பார்த்தார். "சொல்லக் கூடாது, ஆனா..." என்று ஆரம்பித்தவர் முடிக்காமல் இறங்கிப் போனார். அவர் முடிக்காததை நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்த வருடம் கொடியண்ணன் வந்தார். சீட்டு வாங்கிக்கொண்டு, பார்வையாளராக. மதியம் மெல்லப் படியேறி என் அறைக்கு வந்து நின்றார்.

"என்ன தங்கச்சி, குரல் அப்படியே இருக்கு. நாமதான் கிழடாயிட்டோம்."

"நீங்க ஆயிட்டீங்கன்னு சொல்லுங்க அண்ணே. என்னை ஏன் கூட்டு சேக்குறீங்க?"

சிரித்தார். மறுபடி கொடி பிடிக்க அனுமதி கேட்டு மனு போட்டிருப்பதாகச் சொன்னார். "அந்த வளைவுல வேண்டாம். எங்கேயாவது ஒரு ஓரத்துல. நின்னா போதும். என் பேரைச் சொன்னாலே முகத்தைத் திருப்பிக்கிறாங்க. திங்கக்கிழமை முடிவு சொல்றாங்களாம்." கொஞ்ச நேரம் கார்களைப் பார்த்தார். பிறகு கேட்டார்:

"அந்தப் பாப்பா இப்ப எத்தனாவது படிக்குது?"

"ஆறாவது" என்றேன். யோசிக்கவே இல்லை.

"பல்லு முளைச்சிருக்குமே."

"வரிசையா முளைச்சிருக்கு அண்ணே."

"அது போதும்" என்றார். "நான் செஞ்சது தப்புதான், இல்லேங்கல. ஆனா கொடியைப் போட்டுட்டுப் பீடி குடிக்கப் போகலையே. ஒரு பிள்ளையைத் தேடித்தானே போனேன்? உள்ள இருந்தப்ப அதை நினைச்சுத்தான் கண்ணை மூடுவேன். அந்தக் களேபரத்துலயும் 'குழந்தை கிடைச்சிருச்சு'ன்னு சொன்னீங்க பாருங்க, அந்தக் குரல்தான் என்னை உசிரோட வெச்சுது."

அவர் இறங்கிப் போன பிறகு இரண்டு சுற்றுக்கு நான் எதுவும் அறிவிக்கவில்லை. ஒயர்காரர் கம்பி அறுந்துவிட்டதா என்று பார்க்க ஓடி வந்தார்.

திங்கட்கிழமைக்குள் உங்கள் அறிக்கையில் அவர் பெயர் இருக்கும் இடத்தில் என் பெயரை எழுத வேண்டும். அதற்காகத்தான் வந்தேன். இன்னொன்றும் கேட்கலாமென்று இருந்தேன். குழந்தையே இல்லை என்பதை அவருக்குச் சொல்லாமல் இதைச் செய்ய முடியுமா என்று. வழியெல்லாம் அது அவர்மேல் உள்ள இரக்கம் என்றுதான் நினைத்துக்கொண்டு வந்தேன். இங்கே உட்கார்ந்து பேசும்போது அப்படித் தெரியவில்லை. அவர் என்னைத் தங்கச்சி என்று கூப்பிடுவது நின்றுவிடுமே என்றுதான் தோன்றுகிறது. சொல்லிவிடுங்கள். நீங்கள் சொல்ல வேண்டாம், நானே சொல்கிறேன்.

கார் சரிவில் இறங்கிய பிறகு ஏன் அப்படி அறிவித்தேன் என்று கேட்கிறீர்கள். கூட்டம் கலைந்து ஆம்புலன்ஸுக்கு வழி கிடைக்கட்டும் என்று அறிவித்ததாகத்தான் ஆறு வருடமாக எனக்கு நானே சொல்லி வந்திருக்கிறேன். தூசி அடங்கவில்லை. யாரோ கத்திக்கொண்டிருந்தார்கள். நான் மைக்கை அழுத்தி, எப்போதும் சொல்கிற குரலில், மஞ்சள் கவுன் போட்ட பெண் குழந்தை பத்திரமாகக் கிடைத்துவிட்டாள் என்றேன். சொல்லிவிட்டுக் காத்திருந்தேன்.

ஒருவரும் கைதட்டவில்லை. எனக்கு முதலில் பட்டது அதுதான்.