படித்துப் பார்த்ததாக நான் சொன்ன மகஜர்

பெயர் வள்ளிநாயகி, வயது 46, கணவர் பெயர் பத்மகுமார், கரமனையில் குடியிருக்கிறேன், தம்பானூரில் ஒரு லாட்ஜில் மேனேஜர். பிறந்த ஊர் நாகர்கோவில், எம்.காம். படித்தவள். ஒரு பெண்ணின் சங்கிலியைப் பறித்ததாகத் தண்டிக்கப்பட்ட வித்துரா ஊர்க்காரர் சஜியின் மேல்முறையீட்டில், நான் கேட்டுக்கொண்டதால் இது தமிழில் பதிவாகிறது.

2022 ஜூன் 14ஆம் தேதி காலை முதல் வேலையாக மாடித் தொட்டிக்கு மோட்டார் போட்டுவிட்டுக் கவுண்டரில் உட்கார்ந்தேன். ஒன்பதரை மணிக்குப் போலீஸ் ஜீப் வந்தது. முந்தின நாள் வரை பதினான்காம் அறையில் தங்கியிருந்த சஜி அதில் கைவிலங்குடன் இருந்தார். எஸ்.ஐ.யும் ஒரு போலீஸ்காரரும் சாவி வாங்கிக்கொண்டு மேலே போனார்கள். சஜி டிரைவருடன் ஜீப்பிலேயே இருந்தார். "சேச்சி, கொறச்சு வெள்ளம்" என்று தண்ணீர் கேட்டார். ஜீப்புக்குப் போய்ப் பாட்டிலை அவர் வாயில் சாய்த்தேன், பாதி சட்டையில் சிந்தியது. அதன் பிறகு கீழே வந்த எஸ்.ஐ. ஒரு தங்கச் சங்கிலியையும், அதைக் கைப்பற்றியதற்கு மலையாளத்தில் எழுதிய மகஜரையும் கவுண்டரில் வைத்து, "வாயிச்சு நோக்கியிட்டு ஒப்பிட்டா மதி" என்றார், படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டால் போதும் என்று. கேஷியர் நேசமணி, "எம்.காம்.காரியல்லே, ரெண்டு மினிட்டு போதும்" என்று சிரித்தார்.

இருபத்தொரு வருடமாக மலையாளம் பேசுகிறேன். வாசிக்கத் தெரியாது. லாட்ஜில் யாருக்கும் இது தெரியாது. பஸ் போர்டைக்கூடக் கண்ணாடி எடுத்துவரவில்லை என்று சொல்லிப் பக்கத்தில் நிற்பவரிடம் கேட்பேன். அன்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வாசிப்பவர் எடுக்கும் நேரம் விட்டு இரண்டு பக்கங்களையும் புரட்டி, கையெழுத்திட்டேன்.

அதன் பிறகு 2023இல் நீதிமன்றத்தில் அரசு வழக்கறிஞர் மகஜரைக் காட்டி, படித்துச் சரி என்று கண்டுதான் கையெழுத்திட்டீர்களா என்று கேட்டார். ஆம் என்றேன். கூண்டிலிருந்து சஜி, "சேச்சியல்லே எனிக்கு வெள்ளம் தந்நது?" என்றார். நீதிபதி அவரைப் பேசாமலிருக்கச் சொன்னார். ஏதோ தவறு என்று எனக்கு அப்போதே பட்டது. ஆனாலும் சாட்சிக் கூண்டிலிருந்து இறங்கி வந்துவிட்டேன். அவருக்கு ஏழு வருடத் தண்டனை என்று தமிழ்ச் செய்தித்தாளில் பார்த்தேன்.

சென்ற மாதம் அவருடைய வழக்கறிஞர் ஸ்ரீலட்சுமி வந்து மகஜரை எனக்கு வாசித்துக் காட்டினார். சஜியே அறைக்குள் வந்து, என் கண்ணெதிரில், தலையணை உறைக்குள்ளிருந்து சங்கிலியை எடுத்துக் கொடுத்தார் என்று அதில் இருக்கிறது. "சேச்சி அன்னிக்கு இது வாயிச்சில்லே?" என்று கேட்டார். எனக்கு வாசிக்கத் தெரியாது என்று முதல் தடவையாக ஒருவரிடம் சொன்னேன்.

நான் மாடிக்குப் போகவில்லை. சஜியும் போகவில்லை. சங்கிலி எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது.

இதில் சொன்னவை யாரும் சொல்லித்தராமல் நான் அறிந்த உண்மைகள். இதைத் தமிழில் பதிவு செய்பவரிடம் கடைசியாக ஒன்றைச் சேர்த்து எழுதிக்கொள்ளக் கேட்டேன். பொய்ச் சாட்சி சொன்னதற்காக என்மேல் வழக்கு வந்தால் வக்கீல் வைக்கமாட்டேன், குற்றத்தை ஒப்புக்கொள்வேன். இதை என் கணவரிடமோ ஸ்ரீலட்சுமியிடமோ இன்னும் சொல்லவில்லை.

(ஒப்பம்)
ப. வள்ளிநாயகி