வெடிக்கிறது வேற டிபார்ட்மென்ட்

ஃபேனே போதும் சார், ஏசி வேண்டாம். அதற்குள் என்ன வாயு ஓடுகிறது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

சுங்கத்தில் என் வேலை, இறங்குகிற சரக்கு எந்தத் தலைப்பில் வரும், அதற்கு எவ்வளவு வரி என்று முடிவு செய்வது. ஒன்றைக் குளிர்பதன வாயு என்று நான் சொல்லிவிட்டால் அது குளிர்பதன வாயுதான். பெற்ற பிள்ளைக்கு வைத்த பெயரைக்கூட மாற்றுகிறார்கள்; நான் வைத்ததை மாற்றியதில்லை. மேல்முறையீட்டிலும் கவிழ்ந்ததில்லை. அலுவலகத்தில் என்னைத் ‘தராசு’ என்பார்கள். நானாக வைத்துக்கொண்ட பெயரில்லை.

அந்த சிலிண்டர்களின் முதல் லோடை, காகிதத்தில் இருந்தபடி குளிர்பதன வாயு என்றே, குறைந்த வரியில் விட்டேன். அடுத்த லோடில் மாதிரி எடுத்துச் சோதித்த ஆய்வகப் பெண் என் அறைக்கே வந்துவிட்டாள்.

“சார், இது கூலிங் கேஸே இல்ல. விஷம். மெஷினுக்குள்ள அலுமினியத்துல பட்டா வேற ஒண்ணா மாறிடும். அப்புறம் காத்து பட்டா போதும், வெடிக்கும்.”

“வரி பாக்கறதுதாம்மா நம்ம வேலை. வெடிக்கிறது வேற டிபார்ட்மென்ட்.”

அவள் சொன்னது சரி. நானும் வேதியியல் படித்தவன்தான். ஆனால் இதை நிறுத்தினால் முதல் லோடை ஏன் விட்டாய் என்பார்கள். பதவி உயர்வு வரவிருந்த நேரம். அவளை வேறு துறைமுகத்துக்கு மாற்ற ஏற்பாடு செய்தேன். அங்கே கடற்காற்று இன்னும் நன்றாக இருக்கும்.

என் தங்கை கணவர் ஒரு குளிர்கிடங்கில் மெக்கானிக். வேலைக்கு நடுவே ஒருநாள் போன் செய்தார்.

“மச்சான், புது சிலிண்டர் வந்திருக்கு. வாடை ஒரு மாதிரி இனிப்பா அடிக்குது. போடலாமா?”

வேண்டாம் என்றால் ஏன் என்பார். வெறும் வாயையே மெல்லுகிற மனிதர். அவல் கிடைத்தால் விடுவாரா? சாயங்காலத்துக்குள் பேச்சு துறைமுகம் வரைக்கும் வந்துவிடும்.

“தாராளமா போடுங்க மாப்பிள்ளை. நான் பாஸ் பண்ண சரக்குதான்.”

“நீங்க பாத்ததுன்னா கண்ணை மூடிக்கிட்டுப் போடலாமே,” என்று சிரித்தார்.

போட்டார். சில வாரம் நன்றாகவே ஓடியது, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு ஏதோ பழுதென்று கம்ப்ரசரைத் திறந்திருக்கிறார். பக்கத்தில் நின்ற இருவரும் அவரோடு போனார்கள். உடல் இருந்த பெட்டியைத் திறக்க வேண்டாம் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள்.

தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டாள். “உன்கிட்ட கேட்டுட்டுத்தானே அண்ணா போட்டாரு?”

“விதிம்மா,” என்றேன். எங்கள் அலுவலகத்தில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள். அவள் தனக்குத் தெரிந்த பொருளில் எடுத்துக்கொண்டாள்.

காரியமெல்லாம் முடிந்து வேலைக்குத் திரும்பியபோது இன்னொரு லோடு காத்திருந்தது. அதையும் அதே தலைப்பில்தான் விட்டேன். செத்தவருக்காக மாற்றினால் சொந்தக்காரருக்குச் சலுகை காட்டியதாகிவிடும்.

தெரிந்தேதான் போடச் சொன்னேன்; மறைக்கவில்லை. அன்றைக்கு உண்மையைச் சொல்லியிருந்தால் என் மேல் அவர் வைத்திருந்த மரியாதை போயிருக்கும். அது கடுகளவும் குறையாமல் போய்ச் சேர்ந்தார். அந்த வகையில் அவருக்கு நான் ஒரு குறையும் வைக்கவில்லை சார்.